நாயகி கட்டிய வேப்பிலை

வேப்பிலை செருகிய வீட்டுக்குள் யாரும் நுழையக் கூடாது. ஆரணியில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். மூன்று வயது வேலுவுக்கும் தெரியும்.

அதனால்தான் அவன் தன்னுடைய பவுடர் டப்பாவின் மூடியில் ஒரு வேப்பங்கொத்தைச் சுற்றிக் கட்டி வைத்திருந்தான். தெருவில் கண்ணில் படுவதெல்லாம் அந்தத் தகர டப்பாவுக்குள் போய்விடும். சோடா மூடி, வளையல் துண்டு, பாதி தின்ற கடலை உருண்டை. யாராவது விளையாட்டாகக் கை நீட்டினால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பான்.

"தொடாத. உள்ள அம்மா கீறா."

யாருக்காவது அம்மை கண்டால், அம்மன் அந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று சொல்லி வாசலில் வேப்பிலை செருகுவார்கள். அப்புறம் அந்த வீட்டுக்கு விருந்தாளி கிடையாது. சமையலில் தாளிப்பு கிடையாது. மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் வேப்பிலையை எடுப்பார்கள். அந்தச் சட்டத்தை வேலு தன் கடலை உருண்டைக்குப் போட்டுவிட்டான்.

வெறும் டப்பாவுக்கு வேப்பிலை கட்டினால் அம்மன் கோபித்துக்கொள்வாள் என்று அவன் அம்மா ராஜம்மாள் அதட்டுவாள். அதட்டும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும்.

அந்த டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடக்க ஒரே ஒருத்திக்குத்தான் அனுமதி. பக்கத்து வீட்டு தெய்வநாயகி. வயது பதினொன்று. எல்லாரும் அவளை நாயகி என்பார்கள், வேலு மட்டும் "நாக்கி" என்பான். டப்பாவைத் திறக்க அவளுக்கும் அனுமதி இல்லை.

வேலுவின் அக்கா கமலமும் நாயகியும் ஒரே வகுப்பு, ஒரே பெஞ்சு. கமலத்தின் அப்பா லாரி ஓட்டுகிறவர், மாதத்தில் பாதி நாள் வெளியூர். அதனால் கமலமும் வேலுவும் முக்கால்வாசி நேரம் நாயகியின் வீட்டில்தான் இருப்பார்கள். அங்கே நாயகியின் அப்பா சம்பந்தம் குழித்தறியில் உட்கார்ந்து பட்டுப் புடவை நெய்துகொண்டிருப்பார்.

எழுபத்தெட்டாம் வருஷத்துக் கோடை விடுமுறைக்கு நாயகி வந்தவாசியில் மாமா வீட்டுக்குப் போனாள். இரண்டு வாரத்துக்கும் கொஞ்சம் அதிகமாக அங்கே இருந்துவிட்டுத் திரும்பியபோது, கமலம் மெலிந்து போய் வாசலில் உட்கார்ந்திருந்தாள். முகமெல்லாம் தவிட்டு நிறத்தில் தோல் உரிந்துகொண்டிருந்தது. அவளுக்கு அம்மை வந்து, மூன்று தண்ணீரும் ஊற்றி, வேப்பிலையையும் எடுத்தாகிவிட்டதாம்.

"வேலு எங்கடி?" என்றாள் நாயகி.

வேலு தேவிகாபுரத்தில் சித்தி வீட்டில் இருந்தான். கமலத்தின் காதோரம் முதல் புள்ளி தெரிந்த காலையிலேயே ராஜம்மாள் அவனை பஸ் ஏற்றி அனுப்பிவிட்டாள். சின்னவனுக்கு வந்துவிடக் கூடாதே என்ற பயம். டப்பாவை எடுத்துப் போக அவனுக்கு நேரமில்லை. அது மாடத்தில் இருந்தது.

அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே தேவிகாபுரத்திலிருந்து ஆள் வந்தது. வேலுவுக்கு மூன்று நாளாகச் சளி, காய்ச்சல். இன்று காலை காதோரம் புள்ளி தெரிகிறது என்றார் வந்தவர்.

ராஜம்மாள் அடுத்த பஸ்ஸில் ஓடினாள். ஆனால் அம்மன் இருக்கும் பிள்ளையை எல்லை தாண்டிக் கொண்டுபோகக் கூடாது என்று அங்கே தடுத்தார்கள். மருந்தும் கூடாது என்றார்கள். அம்மன் தானாக இறங்குவாள், பொறு என்றார்கள். ராஜம்மாள் ஒரு நாள்தான் பொறுத்தாள். பிள்ளைக்கு நெஞ்சு இழுக்க ஆரம்பித்ததும் யாரையும் கேட்காமல் அவனைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினாள்.

ஆரணி பஸ் நிலையத்தில் அவள் இறங்கியபோது நாயகியும் அவள் அம்மா பொன்னம்மாளும் தேவிகாபுரத்து பஸ் ஒவ்வொன்றாகப் பார்த்துக் காத்திருந்தார்கள். பிள்ளையைச் சுமந்து ராஜம்மாளின் கை மரத்துப்போயிருந்தது. நாயகி ஜட்காவில் ஏறி உட்கார்ந்து வேலுவை மடியில் வாங்கிக்கொண்டாள். அவன் உடம்பு கொதித்தது. கண்கள் சிவந்து, வெயிலைப் பார்க்க முடியாமல் இடுங்கியிருந்தன. முகத்திலும் நெஞ்சிலும் யாரோ செம்மணலை வாரித் தூவினது போலப் புள்ளிகள். அவள் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருமினான்.

"நாக்கி. டப்பா?"

"பத்திரமா கீது. யாரும் தொடல."

அது போதும் என்பது போல அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். நுரையீரலில் சளி கட்டிவிட்டது, நாள் கடந்துவிட்டது என்றார்கள். மறுநாள் பகல் வேலு இறந்துபோனான்.

அன்று அந்தத் தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை.

*

பிறகு தெரு பேச ஆரம்பித்தது.

ராஜம்மாள் செய்ததுதான் தப்பு என்றது தெரு. அம்மன் வாசல்படி ஏறிய அன்றைக்கே பிள்ளையை எல்லை தாண்டி அனுப்பிவிட்டாள், வந்தவளை அவமதித்தால் சும்மா விடுவாளா என்று குழாயடியில் பேசினார்கள். ராஜம்மாள் காதில் விழும்படியே பேசினார்கள். அவள் குடம் நிரம்பி வழிவதைக்கூடப் பார்க்காமல் நின்றாள்.

கமலத்தின் நிலை இன்னும் மோசம். தெருவில் எந்தக் குழந்தை கிட்டே வந்தாலும் இரண்டு கையையும் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள். நாயகி தினமும் போய்ப் பக்கத்தில் உட்காருவாள். ஒரு நாள் கமலம் தானாகவே பேசினாள்.

"வேப்பிலை செருகினப்புறம் நான் அவனைப் பார்க்கவே இல்ல நாயகி. தேவிகாபுரத்துலயும் யாருக்கும் அம்மை இல்லியாம். அப்போ அவனுக்கு யாரு குடுத்தாங்க?"

உனக்கு எப்படி ஆரம்பித்தது என்று கேட்டாள் நாயகி.

சளிதான் என்றாள் கமலம். சம்பந்தம் மாம்பழக் கலர் புடவையைத் தறியிலிருந்து அறுத்த அன்று, மடிப்பதற்கு ஒரு முனையை அவளைப் பிடிக்கச் சொன்னார். புடவை மேலேயே தும்மிவிட்டாள். பட்டில் கறை பட்டால் யார் பதில் சொல்வது, ஓடு என்று அவர் விரட்டினார். குச்சி ஐஸ் தின்ற சளி என்று எல்லாரும் நினைத்தார்கள். கண் வெங்காயம் உரித்தது போல எரிந்தது. மூன்று நாள் காய்ச்சலும் இருமலும். நான்காம் நாள்தான் காதுக்குப் பின்னால் புள்ளி.

"அந்த மூணு நாளும் வேலு எங்க இருந்தான்?" என்று கேட்க நாயகி வாயைத் திறந்தாள். கேட்கவில்லை. வேலு எங்கே இருந்திருப்பான் என்று அவளுக்கே தெரியும். அக்கா மடியில்தான்.

வீட்டுக்கு வந்து தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். காலண்டர் பார்க்கத் தேவையில்லாத வீடு அது. அப்பாவின் தறிதான் காலண்டர். ஒரு புடவைக்குச் சரியாகப் பதினான்கு நாள். உடல் நெய்யப் பத்து நாள், முந்தி, அதாவது ஜரிகை முந்தானை நெய்ய நான்கு நாள்.

மாம்பழக் கலர் புடவை அறுத்த அன்று கமலத்துக்குத் தும்மல். அடுத்தது பச்சைப் புடவை. அது முந்திக்கு வந்தபோது தேவிகாபுரத்தில் வேலுவுக்குத் தும்மல். நடுவில் ஒரு புடவையின் உடல் நெய்கிற பத்து நாள். அவ்வளவுதான் கணக்கு. வேலு பஸ் ஏறும்போதே அம்மையும் அவனோடு ஏறிவிட்டது. வேப்பிலை மூன்று நாள் தாமதமாக வந்திருக்கிறது.

இதைத் தெருவில் சொன்னால் ராஜம்மாள் மேல் இருக்கிற பழி நீங்கிவிடும். ஆனால் அந்தப் பழி யார் தலையில் போய் உட்காரும்? கமலம் தலையில். நாயகி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

அப்போதுதான் இன்னொன்று அவளுக்கு உறைத்தது. வேலு அவள் கழுத்தில் இருமியது, பச்சைப் புடவை முடிந்த அன்று. இப்போது தறியில் அரக்குப் புடவை. அது பாதி உடலைத் தாண்டிவிட்டது, முந்திக்கு இன்னும் சில நாள்தான்.

*

அந்த வாரம்தான் எதிர்வீட்டுப் பூங்காவனம் தாய்வீட்டிலிருந்து வந்திருந்தாள். தெருவில் வேப்பிலை எல்லாம் எடுத்தாகிவிட்டது என்று நிச்சயமாகத் தெரிந்துகொண்ட பிறகே வந்தாள். இடுப்பில் ஒன்பது மாதக் குழந்தை, பேர் பச்சையம்மாள். பச்சை என்று கூப்பிட்டால் முன்பல் இரண்டையும் காட்டும்.

பூங்காவனம் நெசவாளர்களுக்குத் தார் சுற்றிக் கொடுப்பவள். அதாவது, தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குச்சியில் பட்டு நூலைச் சுற்றித் தருகிற வேலை. ராட்டையில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. அதனால் பச்சை தினமும் நாயகியின் இடுப்பில். அந்தக் குட்டிக் கை அவள் ஜடையைப் பிடித்து இழுக்கும்போதெல்லாம், வேலு போனதிலிருந்து சிரிக்காதவள் கொஞ்சம் சிரித்தாள்.

ஒரு காலை, சம்பந்தம் அரக்குப் புடவைக்கு முந்தி நெய்யத் தொடங்கினார். ஜரிகை பளபளத்தது. நாயகி எட்டிப் பார்த்தாள்.

தும்மல் வந்தது.

ஒரே ஒரு தும்மல். அப்புறம் மூக்கு ஒழுகியது. எதிர்வீட்டிலிருந்து பூங்காவனம், பச்சையை வந்து தூக்கிக்கொள்ளும்படி கூப்பிட்டாள்.

நாயகி தெருவில் இறங்கவில்லை. கொல்லைப்பக்கம் போய் வேப்பங்கொத்து ஒன்றை ஒடித்தாள். வாழை நாரால் தன் வீட்டு வாசலில் தானே கட்டினாள்.

பொன்னம்மாள் பார்த்துவிட்டுப் பதறிப்போனாள். "யாருக்குடி அம்மை?"

"எனக்கு வரும்மா. நாலு நாள்ல."

"வாய்ல இன்னா வார்த்தை வருது பாரு. வராதவளை வேப்பிலை கட்டிக் கூப்பிடுறியா?" பொன்னம்மாள் கொத்தைப் பிடுங்கி எறிந்தாள்.

நாயகி இன்னொரு கொத்தை ஒடித்து வந்தாள்.

பூங்காவனம் ராட்டையை விட்டு எழுந்து வந்து தெரு நடுவில் நின்றாள். ஒரு சளிக்கு வேப்பிலையா என்று சிரித்தாள். "நாளைக்கு முள்ளு குத்தினா வாசல்ல தோரணம் கட்டுவியாடி? உன் கையிலதான் அம்மை குத்தின தழும்பு கீதே. ஜல்தி வந்து புள்ளைய வாங்கு, எனக்கு வேலை கீது."

"அது பெரியம்மைக்குக் குத்தினது, அக்கா. இதே தழும்பு கமலத்துக்கும் கீது. வேலுவுக்கும் இருந்துச்சு," என்றாள் நாயகி. "கிட்ட வராதீங்க. பச்சையைத் தூக்கிகினு உள்ள போயிடுங்க."

பச்சை அவளைப் பார்த்து இரண்டு கையையும் நீட்டியது. நாயகி கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அழுகை வந்தது, அதோடு தும்மலும் வந்தது. குழந்தை வீறிட்டு அழுவது கேட்டது. பூங்காவனம் முணுமுணுத்துக்கொண்டே திரும்பிப் போனாள். இந்தப் பெண்ணுக்குத் திமிர் என்று அவள் சொன்னதும் காதில் விழுந்தது.

பொன்னம்மாள் இரண்டாவது கொத்தையும் பிடுங்கினாள். மூன்றாவதை நாயகி கட்டும்போது தறிச் சத்தம் நின்றது. தறிக் குழியிலிருந்து சம்பந்தம் எழுந்து வந்தார்.

நாயகி அவரிடம் கணக்கைச் சொன்னாள். மாம்பழக் கலர் புடவை, பச்சைப் புடவை, அரக்குப் புடவை. தும்மல், முந்தி, தும்மல், முந்தி. கமலத்தின் பேரைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தி, வெளியே யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றாள். புடவைக் கணக்கில் பொய் இருக்காது என்று சம்பந்தத்துக்குத் தெரியும். கமலத்தை அன்றைக்கு விரட்டியதும் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

பிறகு தறிக்குப் போய் ஒரு சாண் பட்டு நூலை எடுத்து வந்தார். வாழை நாரை அவிழ்த்துவிட்டு, அறுந்த இழையைச் சேர்க்கிற முடிச்சால் கொத்தை வாசல் நிலையில் கட்டினார்.

"நார் அவுந்து போவும். இது அவுறாது," என்றார். பொன்னம்மாள் அதற்குமேல் அதைத் தொடவில்லை.

அன்று இரவே காய்ச்சல் வந்தது. இரண்டாம் நாள் இருமல். கண் எரிந்தது, சன்னல் வெளிச்சம் ஊசி போலக் குத்தியது. இந்தத் தடவை சம்பந்தம் யார் பேச்சையும் கேட்கவில்லை, டாக்டரை வீட்டுக்கே கூட்டி வந்தார். டாக்டர் நாயகியின் வாயைத் திறக்கச் சொல்லிக் கன்னத்தின் உள்பக்கம் டார்ச் அடித்தார். சிவந்த தோலில் ரவையைத் தெளித்தது போல வெள்ளைப் பொட்டுகள் இருந்தன. தட்டம்மைதான், புள்ளி நாளைக்கோ மறுநாளோ வெளியே வரும் என்றார். நிறையக் குடிக்கக் கொடுங்கள், பட்டினி போடாதீர்கள், மூச்சு வேகமாக வாங்கினால் ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்காமல் கொண்டு வாருங்கள் என்றார். போகும்போது வாசலைப் பார்த்து நின்றார். புள்ளி வருவதற்கு முன்பே வேப்பிலை கட்டியது யார் என்று கேட்டார்.

பொன்னம்மாள் தயங்கித் தயங்கி மகளைக் காட்டினாள்.

புள்ளி வருவதற்கு முந்தைய நாட்களில்தான் இது இருமலிலும் தும்மலிலும் அதிகமாகப் பரவும், எல்லாரும் அந்த நாட்களைத்தான் விட்டுவிடுகிறார்கள் என்று சொல்லிவிட்டு டாக்டர் சைக்கிளில் ஏறினார். எதிர்வீட்டு ராட்டைச் சத்தம் நின்றிருந்தது. பூங்காவனம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

நான்காம் நாள் காலை, நாயகியின் காதுக்குப் பின்னால் முதல் புள்ளி வந்தது. மாலைக்குள் முகம், மறுநாள் நெஞ்சு, அப்புறம் கால் வரை. மணல்வாரி அம்மை என்று பெரியவர்கள் சொல்வது சரிதான் என்று, கண்ணாடியைப் பார்த்த நாயகிக்குத் தோன்றியது.

*

சன்னலுக்கு வெளியே யாரோ உட்காரும் சத்தம் கேட்டது. கமலம்.

"டாக்டர் சொன்னதை பூங்காவனத்தக்கா எங்கம்மாகிட்ட சொன்னாங்க," என்றாள். "எங்கம்மா அனுப்பினதால ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க. அம்மா ரொம்ப நேரம் அழுதுச்சு. அப்புறம் சோறு தின்னுச்சு."

நாயகி பாயில் சன்னல் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு முன்னாடியே தெரியும் இல்ல?" என்றாள் கமலம். "நான்தான் வேலுவுக்குக் குடுத்தேன்னு. ஏன் சொல்லல?"

நாயகி மெல்ல எழுந்து சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தொண்டை கரகரத்தது.

"எனக்கு யாரு குடுத்தாங்க?"

"வேலு," என்றாள் கமலம்.

"அவன் மேல எனக்குக் கோவம் வருமா?"

"அவனுக்கு இன்னா தெரியும்? சின்னப் புள்ள. உன் மேல சாஞ்சிகினான், அவ்ளோதான்."

"நீயும் சளின்னுதானே நெனச்ச. அவன் உன் மேல சாஞ்சிகினான். அவ்ளோதான்."

கமலம் முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். வேலு இறந்த அன்றுகூட அவள் அப்படி அழவில்லை. நாயகி கம்பிக்கு உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். எதிர்வீட்டில் பச்சையும் அழ ஆரம்பித்தது. ராட்டை நிற்பதும் ஓடுவதுமாக இருந்தது. பூங்காவனம் பேஜாராகிப் போயிருக்க வேண்டும்.

"போய் அதைத் தூக்கேன்," என்றாள் நாயகி.

கமலம் தன் கைகளைப் பார்த்தாள். "என்னால அதுக்கு ஏதாவது..."

"உனக்கு வந்து போயாச்சு. இனிமே உனக்கும் வராது, உன்கிட்டேர்ந்தும் போவாது. டாக்டர்கிட்ட அப்பா கேட்டாரு. நீ ஒருத்திதான் இங்கயும் வரலாம், அங்கயும் போலாம்."

கமலம் எழுந்தாள். பாவாடையில் கையைத் துடைத்தாள். பாதித் தெருவில் நின்றாள், திரும்பிப் பார்த்தாள், பிறகு எதிர்வீட்டுக்குள் போனாள். ராட்டை சீராக ஓட ஆரம்பித்தது. கொஞ்ச நேரத்தில் அவள் வாசலுக்கு வந்தபோது இடுப்பில் பச்சை இருந்தது. சன்னலைக் காட்டி, "அங்க பாரு, நாக்கி," என்றாள்.

வேலு வைத்த பேர் அது. சொன்ன பிறகுதான் இருவருக்குமே தெரிந்தது.

*

மூன்று தண்ணீர் ஊற்றினார்கள். அரக்குப் புடவை போய், தறியில் நீலப் புடவை ஏறியது. அது முந்திக்கு வந்தது, முடிந்து அறுத்தும் ஆகிவிட்டது. பச்சைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அன்றைக்குத்தான் சம்பந்தம் பட்டு முடிச்சை அவிழ்த்தார்.

ராஜம்மாள் மாடத்திலிருந்து பவுடர் டப்பாவை எடுத்து வந்து வாசலில் வைத்தாள். இனிமேல் கமலமும் நாயகியும் வைத்துக்கொள்ளட்டும் என்றாள். மூடியில் வேப்பங்கொத்து சருகாகியிருந்தது. யாருக்கும் திறக்க மனம் வரவில்லை.

பச்சைக்கு அந்தச் சட்டம் தெரியாது. தவழ்ந்து போய் டப்பாவைத் தட்டிவிட்டது. மூடி கழன்றது. சோடா மூடிகளும் வளையல் துண்டுகளும் கொட்டின. நடுவிலிருந்து ஒரு தார்க்குச்சி உருண்டு வந்து சம்பந்தத்தின் காலடியில் நின்றது.

"என் தார்க்குச்சி," என்றார் சம்பந்தம். சித்திரை மாதத்திலிருந்து அவர் அதற்காக எலிகளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

ராஜம்மாள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். சம்பந்தம் குச்சியைத் தடவிப் பார்த்தார். தறிக்கு எடுத்துப் போகவில்லை. மறுபடியும் டப்பாவிலேயே போட்டு மூடி, நாயகி ஒடித்து வந்த புதுக் கொத்தைப் பட்டு நூலால் சுற்றிக் கட்டினார். வெறும் டப்பாவுக்கு வேப்பிலையா என்று யாரும் கேட்கவில்லை.

"தொடாத பச்சை," என்று கமலம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கண்டிப்பாகச் சொன்னாள்.

பச்சை இரண்டு பல்லையும் காட்டிவிட்டு, உடனே தொட்டது.